கருப்பைக்கு அப்பால்: மலையக எழுத்திற் பெண்ணுடல் பற்றிய ஒரு நோக்கு

மலையக எழுத்திலே பெண்ணின் உடல் பெரும்பாலும் மூன்று இடங்களிலேயே காணப்படுகின்றது. கொழுந்து மலையிலே அது கூடை சுமக்கின்றது. துரையினதோ கணக்கப்பிள்ளையினதோ கண்ணிற்பட்டுக் களங்கப்படுகின்றது. லயத்துக் காம்பராவிலே தொட்டிற் கயிற்றைப் பிடித்திருக்கின்றது. உழைப்பு, மானம், தாய்மை என்னும் இம்மூன்றும் பொய்யல்ல. ஆயினும் நாற்பது, நாற்பத்தைந்து வயதில், பிள்ளைப்பேறு முடிந்தபின், கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கோ கருப்பையையே அகற்றும் சத்திரசிகிச்சைக்கோ உட்பட்டு, மீண்டும் அதே மலைக்கும் அதே லயத்துக்கும் அதே கணவனிடத்துக்கும் திரும்பி வருகின்ற பெண்ணை இவ்வெழுத்தில் தேடுவோர்க்கு அவள் எளிதில் அகப்படுவதில்லை. அதன்பின் அவளுக்கு முப்பது ஆண்டுக்கால வாழ்வு மிச்சமிருக்கக்கூடும். அவ்வாழ்வில் வலியுண்டு, ஆறுதலுண்டு, வேட்கையும் உண்டு. இலக்கியம் அவளைத் தொட்டிலருகே விட்டுவிட்டு வந்துவிட்டது போலும்.

தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகம என விரியும் திம்புள்ளப் பிரதேசம் மலையக எழுத்தின் விளைநிலங்களுள் ஒன்று. சி. வி. வேலுப்பிள்ளை (1914 - 1984) வட்டகொடை மடக்கும்பரைத் தோட்டத்திலே பிறந்தவர். 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர். அவர் ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பாலையாவினால் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கப்பட்ட நெடும்பாடலிலே, தேயிலைச் செடியின் அடியில் உரமாகிப் போன முன்னோரின் உடல்கள் ஒரு சமூகத்தின் வரலாறாக எழுந்து நிற்கின்றன. உடலை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் இந்நோக்கு பின்வந்தோர் பலர்க்கும் வழிகாட்டியாயிற்று. ஆனால் மண்ணுக்கு உரமாகும் உடலுக்கு ஆண் பெண் வேறுபாடு இல்லை. உயிரோடிருக்கும் உடலுக்கு அவ்வேறுபாடு உண்டு என்பதே இங்கு எழும் சிக்கல்.

மலையகத்திற்கு வெளியேயிருந்து எழுதிய புதுமைப்பித்தனிடம் இதனை ஓரளவு காணலாம். 1935 ஆம் ஆண்டு ‘மணிக்கொடி’யில் வெளிவந்த ‘துன்பக்கேணி’யின் மருதி, பிழைப்புத் தேடி இலங்கைத் தோட்டத்துக்கு வந்து, அதிகாரத்திலுள்ளோரின் இச்சைக்கு இரையாகி, நோயையும் சுமக்கின்றாள். தோட்டப் பெண்ணின் உடலிலே பாலியல் வழியாக நோய் புகுவதைத் தமிழ்ப் புனைகதை மறைக்காது கூறிய முதற் சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று. எனினும் மருதியின் நோய் அவள்மீது இழைக்கப்பட்ட கொடுமைக்குச் சாட்சியாகவே நிற்கின்றது. அவ்வுடலோடு அவள் எவ்வாறு நாள் கழித்தாள், கணவனோடு கூடும்போது எதனை அஞ்சினாள் என்பனவற்றை அறிய ஆசிரியர் அவாவவில்லை. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ இதற்கு முற்றிலும் மாறான திசையிற் செல்கின்றது. லட்சுமி ஒரு நாளிற் பறித்த கொழுந்தின் அளவு மற்றவர்களிடத்தே ஐயத்தை எழுப்ப, அவள் தன் கைத்திறத்தினாலேயே அவ்வையத்தைத் தீர்க்கின்றாள். அழுது நியாயம் கேட்காது விரல்களால் நியாயம் பெறும் இப்பெண், மலையகச் சிறுகதைக்குக் கிடைத்த பெரும்பேறு. பெயரிலே 1980 ஆம் ஆண்டுத் தொகுதியாகவும் நிலைத்துவிட்ட அக்கதையின் அழகு, இளமையும் வலிமையும் பொருந்திய ஓருடலின் அழகு என்பதையும் மறத்தலாகாது.

இனி, கருப்பை பற்றிய பேச்சுக்கு வரலாம். மலையகத்தில் அது இலக்கியத்திற்கு முன்னர் அரசியலாகவே தோன்றியது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1964 ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அதன் வழி நடந்த நாடுகடத்தல் ஆகியவற்றினால், 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நாட்டின் மொத்தச் சனத்தொகையில் 11.7 சதவீதமாயிருந்த இந்திய வம்சாவளித் தமிழர், 1981 ஆம் ஆண்டிலே 5.5 சதவீதமாகக் குறைந்துவிட்டனர். இவ்வாறு எண்ணிக்கையே உயிர்நாடியாகிவிட்ட ஒரு சமூகத்தின் நடுவிலேதான், 1970களிலும் 1980களிலும் தோட்டங்களிலே கருத்தடைச் சத்திரசிகிச்சை பரவலாயிற்று. 1980 ஆம் ஆண்டிலே அரசாங்கம் அச்சிகிச்சையை ஏற்போர்க்கு ஊக்கப்பணமும் வழங்கத் தொடங்கியது. பெண்கள் லொறிகளில் ஏற்றிச் செல்லப்பட்டமை, விளங்காத மொழியில் எழுதப்பட்ட படிவங்களிலே பெருவிரல் அடையாளம் இட்டமை, தற்காலிகக் கருத்தடை முறைகள் எவையென எடுத்துரைக்கப்படாமை ஆகியன மலையகத்திலே நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருவன. நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டத்துறையிலேயே பெண் கருத்தடைச் சத்திரசிகிச்சையின் வீதம் உயர்ந்திருந்தது என்பதை அடுத்தடுத்து வந்த சனத்தொகை, சுகாதார ஆய்வுகளும் காட்டின.

இதனை ஓர் இனத்தைக் குறைக்கும் முயற்சியாகக் கண்டு எழுந்த எதிர்ப்புக் குரலின் நியாயத்தை எவரும் மறுக்க முடியாது. நாட்டுரிமை பறிக்கப்பட்ட மக்களிடம் பிள்ளையுரிமையும் பறிக்கப்படுகின்றது என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. ஆனால் அக்குரலின் சொற்களைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். மேடையிலும் துண்டுப் பிரசுரத்திலும் கவியரங்கிலும் கருப்பை என்பது சமூகத்தின் சொத்து. எதிர்காலத் தொழிலாளியின், எதிர்கால வாக்காளனின் பிறப்பிடம். தோட்ட நிர்வாகம் அதனை நாட்கணக்கின் ஒரு செலவாகக் கண்டது. எதிர்ப்பாளர் அதனை இனத்தின் வைப்பாகக் கண்டனர். கணக்கு வேறாயினும் ஏடு ஒன்றே. ஐந்தாவது பிள்ளையைப் பெற்று, பிரசவ வலி ஆறுமுன்னரே கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டியவள், ‘இனி வேண்டாம்’ என்று தானே முடிவு செய்து சத்திரசிகிச்சைக்குச் சென்றிருந்தால் அவளுக்கு இவ்விரு ஏடுகளிலும் இடமில்லை. நிர்வாகத்துக்கு அவள் ஓர் எண்; எதிர்ப்பாளர்க்கு அவள் ஏமாந்தவள். ஏமாற்றப்பட்ட பெண்கள் இருந்தனர் என்பது உண்மை. நிம்மதியுற்ற பெண்களும் இருந்தனர் என்பதைச் சொன்னால் போராட்டம் தளர்ந்துவிடும் என்று எண்ணுவது, அப்பெண்களின் அறிவில் நம்பிக்கையின்மையே.

இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் தெளிவுபடுத்துதல் அவசியம். லயத்துப் பேச்சிலே கருத்தடையும் கருப்பை அகற்றலும் ‘ஆப்பரேசன்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன; எழுத்தாளர் சிலரும் அவ்விரண்டையும் வேறுபடுத்துவதில்லை. கருத்தடையின்போது கருக்குழாய்கள் கட்டி வெட்டப்படுகின்றன. கருப்பையும் சூலகங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, மாதவிடாய் தொடர்கின்றது, ஓமோன் சுரப்பு மாறுவதில்லை. கருப்பை அகற்றலோ வேறு. தசைநார்க் கட்டி, அடங்காத குருதிப்போக்கு, கருப்பை இறக்கம், புற்றுநோய் ஆகிய காரணங்களுக்காகவே அது பெரும்பாலும் செய்யப்படுகின்றது. அதன்பின் மாதவிடாய் இல்லை, கருத்தரிப்பும் இல்லை. சூலகங்களை விட்டுவைத்தால் ஓமோன் சுரப்புத் தொடரும். அவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டால், இயற்கையாக ஆண்டுக்கணக்கில் வரவேண்டிய மாற்றம் ஓரிரவில் வந்துவிடுகின்றது: உடற்கொதிப்பு, உறக்கமின்மை, பிறப்புறுப்பு வறட்சி, நாளடைவில் என்புத் தேய்வு. ஆகவே ‘கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்’ என்று ஒரு பெண் கூறுமிடத்து, எடுக்கப்பட்டது எது, எஞ்சியிருப்பது எது என்பது அவளுக்கே சொல்லப்பட்டதா என்பதுதான் முதற்கேள்வி. அவளுக்கு அது சொல்லப்படாதபோது, வெறுங்கூடாகிவிட்டேன் என்ற எண்ணம் அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றது.

இவ்வெண்ணத்தை வளர்த்ததில் இலக்கியத்துக்கும் பங்குண்டு. மலடி என்ற சொல்லைச் சாபமாகவே கையாண்டு வந்த மரபு நம்முடையது. பிள்ளை பெற முடியாத உடல் இன்பம் துய்க்கவும் தகுதியற்றது என்ற கருத்து, கதைகளிலும் ஒப்பாரிகளிலும் வெளிப்படையாகச் சொல்லப்படாமலே ஊறிக் கிடக்கின்றது. மருத்துவ ஆய்வுகளோ வேறு கதை சொல்கின்றன. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலே கருப்பை அகற்றப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை ஈராண்டுகள் தொடர்ந்து அவதானித்து 1999 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்விலே, பாலுறவின்போது வலியுற்றோர் சத்திரசிகிச்சைக்கு முன் 18.6 சதவீதத்தினராயிருந்து, ஈராண்டின் முடிவிலே 3.6 சதவீதத்தினராகக் குறைந்திருந்தனர். பாலுறவு நாட்டமும் மொத்தத்தில் குறையவில்லை, கூடியிருந்தது. ஓயாத குருதிப்போக்கும் வலியும் நீங்கிய உடல் தன் இயல்புக்குத் திரும்புகின்றது என்பதே இதன் பொருள். முன்னரே மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்த பெண்களிடத்தே சிக்கல்கள் அதிகம் காணப்பட்டன என்பதும் அவ்வாய்வின் முடிவு. அந்நாட்டுப் பெண்ணின் நிலை வேறு, தோட்டத்துப் பெண்ணின் நிலை வேறு என்று வாதிடலாம். வேறுபாடு உண்டு. ஆனால் அவ்வேறுபாடு கருப்பையில் இல்லை. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய ஆறு வாரங்களில் இருக்கின்றது.

அவ்வாறு வாரங்களில் பாரம் தூக்கலாகாது, பாலுறவு கூடாது, உள்ளே தையல் ஆற வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. திம்புள்ள மலையொன்றிலே இதன் பொருள் யாது? நாட்கூலி முறையில் வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை. பிரட்டுக் களத்துக்குப் போகாவிடினும் தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் காத்திருக்கின்றன. மலைக்குத் திரும்பினால், பதினாறோ பதினெட்டோ கிலோவென நிர்ணயிக்கப்படும் நாட்கொழுந்து, மழையில் நனைந்து மேலும் பாரமாகி, தலைக்கயிற்றின் வழியே கழுத்தையும் இடுப்பையும் இழுக்கின்றது. ஏற்கெனவே பல பிரசவங்களால் தளர்ந்த இடுப்புத் தசைகளுக்கு இப்பாரம் உகந்ததன்று. கருப்பை இறக்கம் என்ற நோயைத் தோட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாமைக்கும் இதுவே காரணம். வேலையால் நலிந்த உறுப்பை வைத்தியசாலை எடுத்துவிடுகின்றது. நலிவித்த வேலை அப்படியே இருக்கின்றது.

இத்தொடர்பு எத்துணைக் கொடுமையாக முடியக்கூடும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் சான்று. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே அரிவாளாகக் கணக்கிடப்பட்டு, முன்பணம் பெற்றுக் கரும்பு வெட்டச் செல்லும் அம்மாவட்டத்தில், வேலைக்கு வராத நாளுக்குக் குத்தகைக்காரர் தண்டம் அறவிடுவர். மாதவிடாயும் வெள்ளைப்படுதலும் வேலைக்குத் தடையென்று கருதி, இளம் வயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்ட பெண்களின் தொகை 2019 ஆம் ஆண்டிலே பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. மாநில அரசு நியமித்த குழுவுக்காகக் கணக்கெடுக்கப்பட்ட 82,309 பெண்களில் 13,861 பேர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். இலங்கைத் தோட்டங்களில் இத்தகைய நிலை இருப்பதாகக் கொள்வதற்கு ஆதாரமில்லை. வலிந்து ஒப்பிடுதல் நேர்மையுமன்று. ஆனால் பெண்ணின் உடல் நாட்கூலிக் கணக்கோடு பிணைக்கப்படுமிடத்து, ‘சம்மதம்’ என்ற சொல்லுக்கு என்ன நேர்கின்றது என்பதை அறிய பீட் உதவுகின்றது. அங்கே பெரும்பாலான பெண்கள் தாமே கேட்டுச் செய்துகொண்டதாகவே ஏடுகள் சொல்லும்.

சம்மதம் பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 2008 ஆம் ஆண்டு சனவரியில் வழங்கிய தீர்ப்பொன்று இவ்விடத்து நினைக்கத்தக்கது. பரிசோதனைக்கெனச் சென்ற நாற்பத்துநான்கு வயதுப் பெண்ணொருவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் பெற்று, அவரது கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. வயதுவந்த, தன்னறிவுடைய பெண்ணுக்காக அவள் தாயும் ஒப்புதல் அளிக்க முடியாது என்றது நீதிமன்றம். தாய்க்கே இல்லாத அவ்வுரிமை கணவனுக்கோ, கங்காணிக்கோ, தோட்டத்து மருந்துச்சாலை அதிகாரிக்கோ, சமூகத் தலைவனுக்கோ எங்ஙனம் உண்டாகும்? மலையக எழுத்து இக்கேள்வியை நிர்வாகத்தை நோக்கி மட்டுமே எழுப்பியுள்ளது.

சத்திரசிகிச்சைக்குப் பின்னான வாழ்வின் மற்றுமொரு பகுதி காம்பராவுக்குள் நிகழ்வது. அதனை எழுதத் துணிந்தவர் என்ற வகையிலே தெளிவத்தை ஜோசப் தனித்து நிற்கின்றார். அவரது ‘மீன்கள்’ என்ற சிறுகதை, வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே காம்பராவிற் படுத்துறங்கும் நெருக்கடியிலே, இருளில் நேர்ந்துவிடும் ஒரு தடுமாற்றத்தையும் அதனால் ஒரு தந்தை அடையும் கூச்சத்தையும் சொல்கின்றது. தாம்பத்தியம் என்பது நான்கு சுவரும் ஒரு கதவும் சார்ந்த விடயம் என்பதை இதைவிட அப்பட்டமாகத் தமிழில் எவரும் கூறியதில்லை எனலாம். வீட்டுரிமைப் போராட்டம் பற்றிய எத்தனையோ கட்டுரைகள் சாதிக்காததை அக்கதை சாதித்துவிடுகின்றது. ஆயினும் அக்கதையின் உணர்வுமையம் ஆணே. அவனுடைய வேட்கை, அவனுடைய வெட்கம். அவன் மனைவிக்கு அவ்விரவில் என்ன தோன்றியிருக்கும்? அவளுக்கு உடல்நலம் எப்படி? அவள் விரும்பினாளா, தட்டிக்கழித்தாளா? கருப்பை அகற்றப்பட்ட ஒருத்தி ஆறு வாரம் விலகியிருக்க வேண்டும் என்று வைத்தியர் கூறியதை, பிள்ளைகள் காதுபட, இரகசியம் பேச இடமில்லாத அந்தக் காம்பராவில் கணவனிடம் எவ்வாறு சொல்வாள்? வறட்சியால் வலிக்கின்றது என்பதைச் சொல்ல அவளிடம் உள்ள சொல் எது? ‘வீட்டுக்குத் தூரம்’ என்று மாதவிடாயைச் சொல்லத் தெரிந்த மொழியிலே, மாதவிடாய் நின்றபின் நிலவும் நெருக்கத்தையோ விலகலையோ சொல்லும் வழக்கு உருவாகவில்லை.

பெண்களே எழுதத் தொடங்கியபின் நிலைமை மாறியதா? யாழ்ப்பாணத்தில் 1986 ஆம் ஆண்டு வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ தொகுதி ஈழத்துப் பெண்கவிதைக்கு ஒரு திருப்பம். தமிழகத்திலே குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002 ஆம் ஆண்டு எழுப்பிய சர்ச்சை, பெண்ணுடலைப் பெண் எழுதும் உரிமையை நிலைநாட்டிற்று. ஆனால் அச்சர்ச்சையின் இருதரப்பாரும் பெரும்பாலும் இளமையுடலையே மனத்திற்கொண்டு வாதிட்டனர். வேட்கை இளமைக்குரியது, நோய் முதுமைக்குரியது என்ற பழைய பாகுபாடு அங்கும் அசையவில்லை. வெடிப்புற்ற விரல்களும் அட்டைக் கடித் தழும்புகளும் உடைய ஐம்பது வயதுக்காரி ஒருத்தி வேட்கையுடையவளாக இருக்கக்கூடும் என்பது புதுக்கவிதைக்கும் சற்றுக் கூச்சம் தருவதாகவே இருந்துள்ளது.

இலங்கைச் சுகாதாரத் துறை 1996 ஆம் ஆண்டு தொடங்கிய சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள், முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்ணைத் தாய் என்ற நிலைக்கு வெளியே வைத்து நோக்கிய முதல் ஏற்பாடு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய், குருதி அழுத்தம் எனப் பரிசோதனைகள் அங்கு நடைபெறுகின்றன. 2017 ஆம் ஆண்டிலே இந்திய உதவியுடன் கட்டப்பட்ட டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடமும் திறந்துவைக்கப்பட்டது. ஒரு வகையில் நிருவாகம், படைப்பாளரைவிட முந்திவிட்டது. நாற்பது வயதுப் பெண்ணுக்கும் தனக்கென ஓர் உடல் உண்டென்று ஒரு படிவமாவது ஒப்புக்கொண்டுள்ளது. ஆனால் அப்படிவத்தில் இன்பத்துக்கும் துணிச்சலுக்கும் நிரல் இல்லை. அதை நிரப்ப வேண்டியது கதையே.

அக்கதை எப்படியிருக்கலாம் என்று கற்பனை செய்வது கடினமன்று. இராமையாவின் லட்சுமிக்கு நாற்பத்தெட்டு வயது. ஆண்டுக்கணக்காய் மாதத்திற் பத்து நாளும் குருதி வடிய, படங்குச் சாக்கின்கீழே பழந்துணியை மடித்துக் கட்டிக்கொண்டு மலையேறியவள். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தாள். போனால் பெண்மை போய்விடும் என்று அயல் காம்பராக்காரி சொல்லியிருந்தாள். கடைசியிற் போனாள். சூலகங்களை விட்டுவைத்திருப்பதாக மருத்துவ மாது அவளுக்குத் தமிழிலே விளக்கினாள். இரண்டு மாதம் பேர் இல்லை. மூத்த மகன் கொழும்புக் கடையிலிருந்து பணம் அனுப்பினான். பின்னர் ஒருநாள், பிள்ளைகள் திருவிழாவுக்குப் போயிருந்த வேளையில், வலியில்லாத தன் உடலை அவளே வியந்தாள். ஆறுமுகம் முதலிற் பயந்தான், அவள் சிரித்தாள். இத்தகைய கதையிற் கண்ணீர் மிகக் குறைவாகவே இருக்கும். மலையகச் சிறுகதை அதற்கு இன்னும் பழக்கப்படவில்லை.